சமூகவியல் கற்போர் பெறும் பயன்: டுர்க்கைமின் ‘தற்கொலை’ நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு துறையைக் கற்பதனால் வரும் பயன் யாது என்னும் வினாவுக்கு இருவகையாக விடை கூறுவது கல்வியுலக வழக்கு. அத்துறையிற் பட்டம் பெற்றோர் எவ்வெத் தொழிலுக்குச் செல்லலாம் எனக் கூறுவது ஒருவகை. அத்துறை மனத்தை விரிவாக்கும், பண்பை வளர்க்கும் எனப் பொதுப்படக் கூறுவது மற்றொருவகை. முன்னது கல்விப் பயனைச் சம்பளமாகச் சுருக்கி விடுகின்றது. பின்னது எல்லாத் துறைகளுக்கும் ஒப்பப் பொருந்துமாதலின், எத்துறைக்கும் சிறப்பாக உரியதாகாது. சமூகவியலைப் பற்றி இவ்வினா எழும்போது வேறொரு குரலும் உடன் எழுகின்றது. ஊரிற் பிறந்து ஊரில் வாழும் ஒருவனுக்கு ஊரைப் பற்றிக் கற்பிக்க ஒரு துறை வேண்டுமோ என்பதே அது. கணிதமும் பௌதிகமும் மாணவன் அறியாதவற்றைக் கற்பிக்கின்றன. சமூகவியலோ எல்லோரும் அறிந்ததை எவரும் அறியாத சொற்களாற் கூறுகின்றது என எள்ளுவோர் கற்றோரிடையேயும் உளர்.

இக்குரலை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. மாணவர் பலர் இத்துறையைக் கற்கும் முறையே அதற்கு இடங்கொடுக்கின்றது. வரைவிலக்கணம் இத்தனை, வகைகள் இத்தனை, அறிஞர் பெயர்கள் இத்தனை எனக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் ஒப்புவித்து, வெளியே வந்ததும் மறந்துவிடும் ஒருவன், சமூகவியலினால் யாதும் பெற்றானென்று கூறுதல் அரிது. ஆகவே பயனைப் பொதுப்படப் பேசாது, இத்துறைக்குரிய தலையாய நூலொன்றை எடுத்து, அதனை முறையாகக் கற்கும் மாணவன் தொடக்கத்தில் இல்லாத எதனை முடிவிற் பெற்றிருப்பான் என நோக்குதலே நேரிய வழியாகும். அதற்குப் பிரெஞ்சு அறிஞர் எமில் டுர்க்கைம் 1897 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தற்கொலை’ என்னும் நூல் மிகவும் ஏற்றது. சமூகவியற் பாடத்திட்டங்களுள் அஃது இடம்பெறாதது அரிது என்பது ஒரு காரணம். அந்நூல் ஆராயும் துயரம் ஈழநாட்டுக்குப் புறம்பானதன்று என்பது மற்றொரு காரணம்.

நூலும் அதன் பிறப்பும்

டுர்க்கைம் 1858 இல் பிரான்சின் கிழக்கேயுள்ள எப்பினால் என்னும் நகரில், யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1887 முதல் பொர்தோ நகரப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். தொழிற்பகுப்புப் பற்றிய நூலை 1893 இலும், சமூகவியல் முறை பற்றிய நூலை 1895 இலும் எழுதினார். அம்முறையை ஒரு பொருளிற் செலுத்திக் காட்டவேண்டிய கடப்பாடு அவருக்கிருந்தது. சமூகம் என்பது தனிமனிதரின் வெறுங் கூட்டுத்தொகையன்று, அதற்கென இயல்புகள் உண்டு என்று கூறியவர், மனிதச் செயல்கள் எல்லாவற்றினும் மிகத் தனிப்பட்டதெனத் தோன்றும் செயலொன்றைத் தேர்ந்தெடுத்தார். அங்கே சமூகத்தின் கையைக் காட்டிவிட்டால், வேறெங்கும் அதனை மறுத்தல் இயலாது என்பது அவர் கருத்துப் போலும்.

நூல் எழுந்த வரலாற்றில் இரு செய்திகள் மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கன. டுர்க்கைமின் மாணவப்பருவத் தோழரான விக்தோர் ஒம்மே என்பவர் 1886 இல் அகாலமாக இறந்தார். அம்மரணம் தற்கொலையெனவே கருதப்பட்டது. நண்பரின் நினைவுக்குறிப்பை எழுதியவரும் டுர்க்கைமே. பின்னர் எழுந்த பெருநூலில் அந்நண்பரைப் பற்றிய சொல் ஒன்றும் இல்லை. அங்கே அட்டவணைகளும் வீதங்களும் மட்டுமே உள்ளன. இதனைக் கல்நெஞ்சு என்பதா, துயரை அடக்கி உண்மையைத் தேடிய உறுதி என்பதா என்பது வாசகர் தாமே தீர்க்க வேண்டியது.

மற்றைய செய்தி அறிஞர் நாகரிகம் பற்றியது. மருமகனான மார்செல் மோஸ் ஏறக்குறைய 26,000 மரணங்களின் பதிவுகளை வயது, பால், மணநிலை முதலியவற்றின்படி வகுத்து டுர்க்கைமுக்கு உதவினார். அப்பதிவுகளைப் பார்வையிட இடமளித்தவர் நீதித்துறைப் புள்ளிவிபரப் பணியகத்தின் தலைவராயிருந்த கப்ரியேல் தார்த் ஆவார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யும் போலச்செய்தலே சமூக வாழ்வின் அடிப்படை என்பது தார்த்தின் கொள்கை. அக்கொள்கையை மறுத்து ஓர் அதிகாரமே இந்நூலில் உள்ளது. தம்மை மறுக்கப் போகிறவருக்கும் ஆதாரங்களை மறைக்காது கொடுத்த அவ்வறிஞரின் செயல், கற்பவர் எத்துறையினராயினும் போற்றத்தக்கது.

வினா மாறுகின்றது

ஒரு மரணம் நிகழ்ந்தவிடத்து, அவர் ஏன் இவ்வாறு செய்தார் என உலகம் கேட்கும். கடன், தீராப்பிணி, குடும்பப் பூசல், பரீட்சைத் தோல்வி என விடையும் உடனே வரும். டுர்க்கைம் அவ்வினாவை விட்டு வேறொன்றைக் கேட்டார். ஒரு நாட்டின் தற்கொலை வீதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவினதாய் இருக்கின்றது. அயல்நாட்டின் வீதம் அதனினும் மிகக் கூடியதாகவோ குறைந்ததாகவோ நிலைத்திருக்கின்றது. இறப்போர் ஆண்டுதோறும் வேறு வேறு ஆள்கள். அவர்தங் கதைகளும் வேறு வேறு. ஆள்கள் மாறியும் வீதம் மாறாதிருப்பது ஏன் என்பதே அவர் வினா.

பதிவேடுகளிற் காணப்படும் காரணங்களை அவர் நம்பவில்லை. பிரான்சிற் கமத்தொழில் செய்வோரையும் கற்றோர் தொழில்களில் உள்ளோரையும் ஒப்பிட்டபோது, இருசாராருக்கும் பதியப்பட்ட காரணங்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கக் கண்டார். வாழ்க்கையால் இத்துணை வேறுபட்ட இருவகுப்பினர் ஒரே காரணங்களால் ஒரே விகிதத்தில் இறத்தல் இயல்பன்று. ஆகவே அப்பதிவுகள் இறந்தோர் மனத்தைக் காட்டுவனவல்ல, பதிந்த உத்தியோகத்தரின் மனத்தையே காட்டுவன என முடிவுசெய்தார். ஊரார் கூறும் காரணத்துக்கும் உண்மைக் காரணத்துக்கும் இடையே வெளியொன்று உண்டு என்பதை மாணவன் முதன்முதலாகக் காணும் இடம் இதுவே. முன்னர் எள்ளியவருக்கு இங்கேயே ஒரு விடை கிடைக்கின்றது. எல்லோரும் அறிந்ததெனக் கருதுவதை எவரும் அறியார் என்பதைக் காட்டுதலும் ஒரு கல்வியாம்.

விலக்கிச் செல்லும் முறை

நூலின் முதற்பகுதி முழுவதும் விலக்குதலாகவே அமைந்துள்ளது. மனநோய், இனமும் பரம்பரையும், காலநிலை, போலச்செய்தல் என அக்காலத்தார் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, அவை வீதங்களின் வேறுபாட்டை விளக்கப் போதா எனக் காட்டுகின்றார். விளக்கத்துக்கு ஒன்றிரண்டை நோக்கலாம்.

மனநோயே காரணமெனின், மனநோய் மிக்க சாராரிடையே தற்கொலையும் மிக்கிருத்தல் வேண்டும். அக்கால ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் இருந்தோருட் பெண்கள் ஆண்களிலும் சிறிது கூடியிருந்தனர். தற்கொலையிலோ ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்னும் அளவில் ஆண்களே மிக்கிருந்தனர். யூதரிடையே மனநோய் மிகுதியென்றும் தற்கொலை குறைவென்றும் அக்காலத் தொகைகள் கூறின. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லவில்லை.

காலநிலை பற்றிய ஆராய்ச்சி இன்னும் நுண்ணியது. ஐரோப்பாவில் மாரிகாலத்தினும் கோடைகாலத்தில் தற்கொலை கூடுகின்றது. வெப்பம் நரம்புகளைக் கிளர்த்துவதே இதற்குக் காரணமென இத்தாலிய அறிஞர் சிலர் கூறினர். டுர்க்கைம் இளவேனிலையும் இலையுதிர் காலத்தையும் ஒப்பிட்டார். இலையுதிர் காலமே வெப்பங் கூடியது. தற்கொலை கூடியிருப்பதோ இளவேனிலில். வெப்பம் காரணமாயின் இவ்வாறிருத்தல் இயலாது. வீதம் எதனைத் தொடர்ந்து செல்கின்றதெனத் தேடியபோது, அது பகற்பொழுதின் நீளத்தைத் தொடர்ந்து செல்லக் கண்டார். பகல் நீளுந்தோறும் மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் ஊடாட்டமும் நீள்கின்றது. ஆகவே ஞாயிறும் வெயிலும் காரணமல்ல, சமூக வாழ்வின் செறிவே காரணம் என்றார். இவ்விறுதி முடிவைப் பின்வந்தோர் ஐயுற்றதுண்டு. எனினும் ஒரு கருதுகோளை ஏற்றால் வேறெது உடன் உண்மையாதல் வேண்டும் எனக் கேட்டு, அஃது உண்மையாகாதவிடத்துக் கருதுகோளைக் கைவிடும் இம்முறை, முடிவு வீழ்ந்தாலும் வீழாது நிற்பது.

வகைகளும் மொழிபெயர்ப்பால் வரும் மயக்கமும்

இரண்டாம் பகுதியில் டுர்க்கைம் தற்கொலையைச் சமூகக் காரணங்களின்படி வகைப்படுத்துகின்றார். தமிழ்ப் பாடக்குறிப்புகள் இவற்றைத் தன்னலத் தற்கொலை, பொதுநலத் தற்கொலை, நெறியின்மைத் தற்கொலை என வழங்குகின்றன. அடிக்குறிப்பொன்றில் மட்டும் அவர் கூறிச் செல்லும் விதிவசத் தற்கொலையையும் சேர்த்து நான்கென எண்ணுவர். மாணவர் இடர்ப்படுவது இப்பெயர்களிலேயே. தன்னலம் என்றதும் பிறரை எண்ணாது நடப்பவனின் செயலெனக் கொண்டு, இறந்தவரைப் பழிப்பதாக அச்சொல்லை விளங்கிக் கொள்வோர் பலர். டுர்க்கைம் கருதியது அதுவன்று. குடும்பம், சமயம், நாடு ஆகிய கூட்டங்களோடு ஒருவனைப் பிணிக்கும் கயிறு தளர்ந்து, அவன் தனியனாக விடப்பட்ட நிலையையே அவர் கூறினார். அங்கே குறையுடையது கூட்டத்தின் பிணைப்பேயன்றித் தனிமனிதனின் குணமன்று. ஒரு சொல்லைத் தவறாக மனனஞ் செய்த மாணவன் நூலின் கருத்துக்கு நேர்மாறான கருத்தைக் கொண்டு வெளியேறுகின்றான் என்பது கற்பிப்போர் கருத்திற் கொள்ளவேண்டியது.

இவ்வகைக்கு அவர் காட்டும் சான்றுகளுட் சமயம் பற்றியது பெயர்பெற்றது. புரட்டஸ்தாந்தர் மிக்க பகுதிகளிற் கத்தோலிக்கர் மிக்க பகுதிகளிலும் வீதம் கூடியிருந்தது. இரு சமயங்களும் தற்கொலையைப் பாவமென்றே விலக்கின. ஆகவே வேறுபாட்டை உண்டாக்கியது விலக்கு அன்று. பொதுவான நம்பிக்கைகளும் சடங்குகளும் மக்களை எவ்வளவு நெருக்கமாகச் சேர்த்திருந்தன என்பதே என்றார். 1848 ஆம் ஆண்டின் அரசியற் கிளர்ச்சிகளின்போதும் 1870, 1871 ஆம் ஆண்டுகளின் யுத்தத்தின்போதும் வீதம் குறைந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். பொது ஆபத்து மக்களை ஒன்றுசேர்க்கின்றது என்பது அவர் விளக்கம்.

பிணைப்பு மிகையாகும்போது நிகழ்வது இரண்டாம் வகை. இதற்கு அவர் படைவீரரையும், இந்தியாவிற் கணவனோடு உடன்கட்டையேறிய மகளிரையும் சான்றாகக் கொண்டார். கீழைநாடுகளைப் பற்றி அவர் அறிந்தவை பயணிகளும் பிறரும் எழுதியவையே. அவர் அறியாத சான்றுகள் தமிழிலக்கியத்தில் உள. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்துறந்ததையும், அவனுடைய நண்பராகிய பிசிராந்தையார் அவனோடு உடனிருந்ததையும் புறநானூறு கூறுகின்றது. புறப்புண் நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததும் அங்கே பேசப்படுகின்றது. மானமும் நட்பும் உயிரினும் பெரியனவாகக் கொள்ளப்பட்ட சமூகத்தில் தனியுயிரின் மதிப்பு யாதாயிருந்தது என்னும் வினாவோடு அப்பாடல்களை மீளப் படிக்கும் மாணவன், இலக்கியத்தையும் சமூகவியலையும் ஒருங்கே விளங்கிக் கொள்வான். அதேவேளை, டுர்க்கைமின் ஒரே பெயருள் மன்னனின் விருப்பையும், ஊராரின் நெருக்குதலுக்கு ஆட்பட்ட கைம்பெண்ணின் நிலையையும் ஒருங்கு அடக்கலாமோ எனவும் அவன் கேட்டல் வேண்டும்.

மூன்றாம் வகையே அவருடைய சிந்தனையின் கொடுமுடி. 1873 இல் வியன்னாவிலும் 1882 இல் பாரிசிலும் பணச்சந்தை வீழ்ந்தபோது தற்கொலை கூடியது. வறுமை காரணமென்று எவரும் கூறுவர். ஆயின் வறிய அயர்லாந்திலும் இத்தாலியின் தெற்கேயுள்ள கலாப்பிரியாவிலும் வீதம் மிகக் குறைவு. செல்வம் திடீரெனப் பெருகிய காலங்களிலும் வீதம் கூடியது. வறுமையன்று, ஆசைக்கும் அடைதற்குரியதற்கும் இடையே சமூகம் இட்டிருந்த அளவு குலைதலே காரணம் என்று அவர் கூறினார்.

நூலின் குறைகள்

பெருநூலைக் கற்றலின் பயன் அதனைப் போற்றுவதில் முடிந்துவிடின், அது கல்வியாகாது வழிபாடாகும். இந்நூலின் குறைகள் நான்கினையேனும் மாணவர் அறிதல் வேண்டும்.

முதலாவது, தொகைகளின் நம்பகம். பதியப்பட்ட காரணங்களை நம்ப மறுத்த டுர்க்கைம், பதியப்பட்ட தொகைகளை நம்பினார். ஒரு மரணம் தற்கொலையா விபத்தா எனத் தீர்ப்பவரும் ஓர் உத்தியோகத்தரே. பாவமென அஞ்சும் சமூகத்தில் உறவினர் அதனை மறைக்க முயல்வர். விசாரணை செய்வோரும் இரங்கி விபத்தெனப் பதிவர். ஆகவே கத்தோலிக்கரிடையே குறைந்திருந்தது மரணமா, பதிவா என்னும் ஐயம் எழுகின்றது. அமெரிக்க அறிஞர் ஜாக் டக்ளஸ் 1967 இல் இவ்வையத்தை ஒரு நூலாகவே விரித்தார்.

இரண்டாவது, பகுதியிலிருந்து ஆளுக்குத் தாவுதல். புரட்டஸ்தாந்தர் மிக்க மாகாணத்தில் வீதம் கூடியதாயின், இறந்தோர் புரட்டஸ்தாந்தரே என்பது பெறப்படாது. அங்கே சிறுபான்மையாய் வாழ்ந்த கத்தோலிக்கரே மிகுதியாக இறந்திருக்கவுங்கூடும். இவ்வகைத் தாவலின் ஆபத்தை 1950 இல் ரொபின்சன் என்னும் புள்ளிவிபர அறிஞர் தெளிவாக்கினார். டுர்க்கைமின் மாணவரான மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1930 இலேயே, சமயத்தை நகர நாட்டுப்புற வாழ்க்கைமுறையிலிருந்து பிரித்து நோக்குதல் அரிதென ஆசிரியரைத் திருத்தி எழுதினார்.

மூன்றாவது, பெண்கள் பற்றியது. ஆண்களின் செயலுக்குச் சமூகத்திற் காரணந் தேடிய டுர்க்கைம், பெண்களின் செயலுக்கு அவர்தம் உடலியல்பிற் காரணந் தேடினார். பெண்ணின் விருப்பங்கள் இயல்பாகவே எல்லைக்குட்பட்டவை என்றார். உடலியலையும் பரம்பரையையும் முதற்பகுதியில் வாயிலுக்கு வெளியே நிறுத்தியவர், பெண்களுக்காக மட்டும் அவற்றைப் பின்வாயிலால் அழைத்து வந்தார். தம் முறைக்குத் தாமே உண்மையாயிராத இடம் இது.

நான்காவது, வழிவகை பற்றியது. ஒருவர் எவ்வழியால் இறந்தார் என்பதற்கும் தற்கொலையின் சமூகக் காரணத்துக்கும் தொடர்பில்லையெனக் கூறி, அவர் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். இக்குறையின் பருமன் பிரான்சில் அன்று தோன்றவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் ஈழநாட்டிலேயே அது தோன்றியது.

ஈழநாட்டு அனுபவம்

1950 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 7 இலும் குறைவாகவே இருந்தது. 1995 இல் அது ஏறக்குறைய 47 ஆக உயர்ந்து, உலகிலேயே மிகக் கூடியவற்றுள் ஒன்றாயிற்று. கேர்னி, மில்லர் என்னும் இரு அறிஞர் 1985 இல் இவ்வேற்றத்தை ஆராய்ந்தபோது, சனத்தொகைப் பெருக்கத்தையும், மக்கள் பழைய ஊர்களை விட்டுப் புதிய இடங்களிற் குடியேறியதையும், அதனாற் சமூகப் பிணைப்புகள் தளர்ந்ததையும் சுட்டினர். டுர்க்கைமின் குரலே அது.

ஆயின் வீதம் இறங்கியது வேறு காரணத்தினால். கமத்தொழிலிற் பயன்பட்ட பீடைநாசினிகளுட் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்தவற்றின் இறக்குமதியும் விற்பனையும் 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னர் வீதம் தொடர்ந்து இறங்கி, இருபது ஆண்டுகளுக்குள் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. 2007 இல் வெளியான ஆய்வொன்று, 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிடுகையில், 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில் ஏறக்குறைய 19,800 மரணங்கள் குறைந்தனவெனக் கணக்கிட்டது. வேலையின்மை, மணமுறிவு, மதுப்பழக்கம், யுத்தம் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தால் இதனை விளக்க இயலவில்லை. தம்மைத் தாமே ஊறுபடுத்தி மருத்துவமனை சேர்ந்தோர் தொகையும் அக்காலத்திற் குறையவில்லை. துயரம் குறையாதிருக்கவே மரணம் குறைந்தது. கணநேரத் துயரில் தவறிழைத்த பல்லாயிரவர், கையருகே கொடிய நஞ்சு இல்லாமையாற் பிழைத்தெழுந்து வாழ்ந்தனர் என்பதே இதன் பொருள். வழிவகை முக்கியமன்று என்ற டுர்க்கைமின் கூற்றை இவ்வுயிர்கள் மறுத்து நிற்கின்றன.

டொம் விட்ஜர் என்னும் மானிடவியலறிஞர் இலங்கைச் சிங்களக் கிராமமொன்றில் ஆய்வுசெய்து 2015 இல் வெளியிட்ட நூலும் கருதத்தக்கது. பிணைப்புத் தளர்ந்த தனிமையிலன்றி, நெருங்கிய உறவினரிடையே எழும் பூசலிலும் மனத்தாங்கலிலும் இச்செயல்கள் நிகழக் கண்டார் அவர். குடும்பம் காக்கும் என்ற டுர்க்கைமின் கூற்று, காக்கும் குடும்பமே நோகச்செய்யவும் வல்லது என்பதனாற் சிக்கலாகின்றது.

எனினும் டுர்க்கைமை முற்றாகத் தள்ளிவிட இயலாமைக்கும் வடபகுதியிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம் மற்றொருவரோடு சேர்ந்து 1995 இல் வெளியிட்ட ஆய்வு, யுத்தகாலத்தில் அங்கே தற்கொலை குறைந்தமையைக் காட்டியது. 1870 பற்றி டுர்க்கைம் கூறியது போலவே இது தோன்றுகின்றது. தேர்ந்த மாணவன் இங்கே விரைந்து முடிவுசெய்யான். பொது ஆபத்தில் மக்கள் ஒன்றுசேர்ந்தமையா? இடம்பெயர்வினாலும் நிருவாகச் சீர்குலைவினாலும் பதிவு குன்றியமையா? பொருள்களின் வரவு தடைப்பட்டமையா? இவற்றுள் ஒவ்வொன்றும் உண்மையாயின் வேறெவை உடன் உண்மையாதல் வேண்டும்? கோடையையும் இளவேனிலையும் வைத்து டுர்க்கைம் கற்பித்த முறை, டுர்க்கைமையே சோதிக்கும் கருவியாக இங்கே பயன்படுகின்றது.

மாணவர் பெறும் பயன்

இவ்வளவும் கூறியதிலிருந்து பயனைத் தொகுத்துரைக்கலாம்.

முதற்பயன், துயரங்களை இரண்டாகப் பிரித்தறியும் ஆற்றல். அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959 இல் இதனை விளக்கினார். ஒரு நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலையில்லையெனின், அவனுடைய திறமையையும் பழக்கத்தையும் நோக்கலாம். பல இலட்சம் பேருக்கு வேலையில்லையெனின் நோக்கவேண்டியது நாட்டின் அமைப்பையே. தன் தோல்வி முழுவதும் தன் தலைவிதியென நொந்திருக்கும் இளைஞனுக்கும், பிறர் தோல்வி முழுவதும் அவர்தங் குற்றமெனக் கூறும் செல்வனுக்கும் இப்பிரிப்பு ஒருங்கே வேண்டியது.

இரண்டாம் பயன், எளிதில் வரும் விளக்கத்தை ஐயுறும் பழக்கம். மூன்றாம் பயன், அவ்வையத்தைத் தான் மதிக்கும் பேரறிஞர்மீதும் செலுத்தும் நேர்மை. இவ்விரண்டும் பரீட்சை விடைத்தாளிற் புள்ளி பெறுவனவல்ல. ஆயினும் வகைகளின் பெயர்கள் மறந்த பின்னரும் எஞ்சி நிற்பன இவையே.

நான்காம் பயன் எல்லாவற்றினும் பெரிது. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பிணியையும் அதன் மூலத்தையும் அது தணியும் வழியையும் ஆராயுமாறு மருத்துவனுக்குக் கூறுகின்றார். டுர்க்கைம் பிணியைக் கண்டார். மூலத்தின் ஒரு பகுதியைக் கண்டார். தணிக்கும் வழியாகத் தொழில்வழிச் சங்கங்களை வலுப்படுத்துமாறு கூறினார். ஈழநாட்டிற் பயன் தந்த வழி வேறு. ஆயினும் தனிமனிதரைப் பழிப்பதை விட்டு வீதத்தை நோக்கியமையாலன்றோ அவ்வழியும் புலப்பட்டது! இறந்தோரின் குணத்தைப் பேசிக்கொண்டிருந்த வரையில் எவரும் இறக்குமதிப் பட்டியலை நோக்கியிரார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கொண்ட சட்டம் 1998 இல் நீக்கப்பட்டமையும் இம்மனமாற்றத்தின் பாற்பட்டதே.

சமூகவியலின்மீது ஒரு குற்றச்சாட்டு எஞ்சியுள்ளது. மனிதரைத் தொகையாகக் காணப் பழகியவன், மனிதரை மறந்துவிடுவான் என்பர். அவ்வாபத்து உண்மையே. நண்பரின் மரணத்தை நூலில் எழுதாத டுர்க்கைமிடத்தும் அதன் சாயல் உண்டு. ஆயினும் இந்நூலைச் செவ்வனே கற்ற மாணவன், மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் செல்லும்போது, ஏன் எதற்கென வினவிக் காரணங் கற்பிக்கும் கூட்டத்தோடு சேரான். அங்குள்ளோர் அறிந்து கூறும் காரணம் எவ்வளவு சிறிதென்பதை அவன் அறிவான்; தாயையும் தமையனையும் பழிக்கும் நா எவ்வளவு பிழைபட்டதென்பதையும் அறிவான். துயருற்றோர் அருகில் வாளாவிருந்து ஆறுதல் கூறுவான். பின்னர் பாடசாலையிலும் சங்கத்திலும் பிரதேச சபையிலும் இத்தகைய மரணங்களைக் குறைத்தற்கு யாது செய்யலாமெனப் பேசவேண்டிய இடத்தில் வாய்திறந்து பேசுவான். வீட்டிற் பேசி அவையில் வாளாவிருத்தலே உலக வழக்கு. அவ்வழக்கை ஒருவனிடத்தேனும் மாற்ற வல்லதாயின், சமூகவியலைக் கற்றதனாற் பயன் யாது என்னும் வினாவுக்கு அவனுடைய நடத்தையே விடையாக அமையும்.